படத்துக்கும் ஒரு குறி
கைப்பணிப் பொருட்களின் புகைப்படங்களுக்கு நீர்க்குறி இடுதல்

கிராமத்துக் கைப்பணியாளர் ஒருவர் தமது பொருளைச் சந்தைப்படுத்துவது என்றால், முன்னர் அதனைத் தலையிலும் சைக்கிளிலும் பஸ்ஸிலும் ஏற்றிக் கொண்டு செல்வது என்றே பொருள்பட்டது. திருகோணமலை மாவட்டத்தின் தென் எல்லையில், மகாவலியின் கிளையான வெருகல் ஆற்றை அண்டி வாழும் மக்களுக்கு அது இலகுவான காரியமாக இருக்கவில்லை. மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடையிலான கரையோர வீதியில் ஆறுகளையும் களப்புகளையும் பாதையில் ஏறிக் கடக்க வேண்டியிருந்தது. 2009 இல் கிண்ணியாப் பாலமும், பின்னர் அவ்வீதியின் ஏனைய பாலங்களும் திறக்கப்பட்டதன் பிறகே போக்குவரத்து சீரடைந்தது.

இன்று நிலைமை வேறு. பொருள் வீட்டை விட்டுப் புறப்படும் முன்னரே அதன் படம் புறப்பட்டு விடுகிறது. பன்பாய், பனையோலைப் பெட்டி, சுளகு, தையல் வேலை, சிரட்டையில் செய்த அலங்காரப் பொருள் என எதுவாயினும், கொழும்பிலோ கனடாவிலோ இருக்கும் வாடிக்கையாளர் அதனைக் கையில் தொட்டுப் பார்ப்பதில்லை. கைத்தொலைபேசியில் வந்த படத்தைப் பார்த்தே விலை கேட்கிறார், முற்பணமும் அனுப்புகிறார். ஆகவே படமே எமது கடை; படமே எமது மாதிரிப் பொருள். கடைக்குப் பூட்டுப் போடும் நாம் படத்துக்கு என்ன செய்கிறோம்? இவ்விதழில் இதனைப் பற்றிச் சிந்திப்போம்.

படம் களவு போனால் என்ன?

ஓர் உதாரணத்தை எடுத்துக் கொள்வோம். மகளிர் குழு ஒன்று சாயமிட்ட பன்னில் ஒரு பாய் இழைக்கிறது. குளக்கரையிலும் சதுப்பு நிலத்திலும் பன் வெட்டி, வெயிலில் உலர்த்தி, சாயத்தில் அவித்து, மீண்டும் உலர்த்தி, பின்னர் நாட்கணக்கில் இருந்து இழைத்த பாய் அது. அதனை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் போடுகிறார்கள். அடுத்த கிழமை அதே படம் வேறு ஒருவரின் பக்கத்தில் வேறு விலையுடன் தோன்றுகிறது. அவர் அப்பாயைக் கண்டதும் இல்லை, தொட்டதும் இல்லை. படத்தை மட்டும் எடுத்துக் கொண்டார். அதைக் காட்டிக் கட்டளைகள் வாங்குகிறார்; பின்னர் ஆலையில் செய்த பிளாஸ்ரிக் பாயை அனுப்புகிறார், அல்லது முற்பணத்துடன் மறைந்து விடுகிறார்.

இதனால் ஏற்படும் நட்டங்கள் நான்கு.

முதலாவது, அக்குழுவுக்கு வர வேண்டிய கட்டளை வேறு இடத்துக்குப் போகிறது.

இரண்டாவது, விலை கெடுகிறது. பொருளைச் செய்யாதவர் எந்த விலையும் சொல்லலாம். அவர் சொல்லும் குறைந்த விலையைக் காட்டி, செய்தவரிடம் வாடிக்கையாளர் பேரம் பேசுவார்.

மூன்றாவது, பெயர் கெடுகிறது. ஏமாந்த வாடிக்கையாளரின் மனதில் நிற்பது அந்தப் பாயின் படம்தான். உண்மையான உற்பத்தியாளர் பின்னர் அதே பாயைக் காட்டினால், “இவர்களும் அந்தக் கூட்டமோ” என்ற ஐயமே முதலில் எழும்.

நான்காவது, ஏமாந்தவரின் நட்டம். அவரும் எம்மைப் போன்ற உழைப்பாளியாக இருக்கலாம்.

தொழிலாளியின் உழைப்புக்கு நியாயமான பலன் கிடைக்க வேண்டும் என்று திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891 இல் தமது சுற்றுமடலில் வலியுறுத்தினார். கையுழைப்பின் பலனைப் பறிப்பதற்கு இன்று தொழிற்சாலை முதலாளியாக இருக்க வேண்டியதில்லை. தொலைபேசியில் ஒரு படத்தைச் சேமித்துக் கொண்டாலே போதும். ஆகவே இதனைச் சிறிய விடயம் என்று ஒதுக்கி விட முடியாது.

நீர்க்குறி என்றால் என்ன?

ஆயிரம் ரூபா நோட்டு ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெறுமையாகத் தெரிந்த பகுதியில் ஒரு பறவையின் உருவம் மங்கலாகத் தோன்றும். அதுவே நீர்க்குறி, வோட்டர்மார்க் என்று சொல்வதும் இதனையே. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியின் ஃபாப்ரியானோ நகரத்துக் கடதாசித் தொழிலாளர்கள் இதனைத் தொடங்கினர். கடதாசிக் கூழை வடிக்கும் சல்லடையில் கம்பியை வளைத்து ஒரு வடிவம் பொருத்தினால், அந்த இடத்தில் கடதாசி மெல்லியதாக அமையும்; வெளிச்சத்தில் அவ்வடிவம் தெரியும். இந்தக் கடதாசி எவருடைய பட்டறையில் செய்யப்பட்டது என்பதற்கு அதுவே அடையாளம். ஆக, நீர்க்குறி என்பது தொடக்கத்திலேயே கைவினைஞரின் முத்திரைதான்.

கணினிப் படங்களுக்கும் இதே முறை வந்தது. இதில் எமது வாசகர்களுக்கு ஆர்வமூட்டக்கூடிய ஓர் உதாரணம் வத்திக்கான் நூலகம். 1990களின் நடுப்பகுதியில் அந்நூலகம் தனது பழைய கையெழுத்துப் பிரதிகளை ஐ.பி.எம். நிறுவனத்தின் உதவியுடன் படமாக்கி இணையத்தில் பார்க்க வழிசெய்தது. உலகெங்குமுள்ள ஆய்வாளர் அவற்றை வாசிக்க வேண்டும். ஆனால் எவரும் அப்படங்களை எடுத்துத் தமது வியாபாரத்துக்குப் பயன்படுத்திவிடக் கூடாது. இந்த இரண்டு தேவைகளுக்கும் இடையே கண்ட தீர்வுதான் கண்ணுக்குத் தெரியும் நீர்க்குறி. நூலகத்தின் முத்திரை படத்தின் மீது மெல்லியதாகப் படிந்திருக்கும். எழுத்துக்களை வாசிக்க அது தடையாகாது. எனினும் படம் யாருடையது என்பதை மறைக்கவும் இயலாது.

எமது தேவையும் அதுவே. வாடிக்கையாளர் பாயின் இழையையும் நிறத்தையும் தெளிவாகக் காண வேண்டும். அதே வேளை, பாய் யாருடையது என்பதும் தெரிய வேண்டும்.

எதைச் செய்யும், எதைச் செய்யாது

எமது பகுதியில் மாடு வளர்ப்போர் குறி சுடுவதை எல்லோரும் அறிவர். குறி இருப்பதனால் மாடு களவு போகாது என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் குறியுள்ள மாட்டை விற்பது கள்வனுக்குக் கடினம். பட்டியில் கண்டால், உரிமையாளர் இது என்னுடையது என்று நிறுவுவது இலகு. படத்திலிடும் நீர்க்குறியும் இவ்வாறானதே.

அது செய்யக் கூடியவை: எண்ணமின்றிப் படத்தை எடுத்துப் போடுவோரைத் தடுக்கும், படம் கைமாறிச் சென்றாலும் உரிமையாளரின் பெயரை உடன் கொண்டு செல்லும், பிணக்கு ஏற்படும்போது சான்றுகளில் ஒன்றாக நிற்கும்.

அது செய்ய முடியாதவை: திட்டமிட்டு வருபவரை முற்றாகத் தடுக்காது. பொருளின் வடிவத்தையோ இழைக்கும் முறையையோ பாதுகாக்காது. படத்தைப் பார்த்து அதே போன்ற பெட்டியை இன்னொருவர் தம் கையால் இழைத்தால், நீர்க்குறி அங்கே பயன்படாது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக் கொள்ள வேண்டும்.

குறியில் என்ன இருக்க வேண்டும்?

குழுவின் அல்லது கடையின் பெயரும், ஊரின் பெயரும் போதுமானவை. பெயர் குறுகியதாக இருத்தல் நன்று. வெளிநாட்டு வாடிக்கையாளரும் இருப்பின் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதலாம். ஓர் எளிய சின்னம் இருந்தால் இன்னும் நல்லது. பாயின் ஒரு கட்டம், பெட்டியின் மூலை, ஓர் ஓலைச் சுருள் என எதுவும் சின்னமாகலாம். கையால் வரைந்து, அதைப் படமெடுத்தே பயன்படுத்தலாம்.

ஊரின் பெயரைச் சேர்க்குமாறு நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. “கையால் செய்தது” என்று எவரும் எழுதலாம். “வெருகல்” என்று எழுதினால் அதற்குப் பின்னால் ஓர் ஆறும், ஒரு கோயிலும், ஒரு மக்கள் கூட்டமும் நிற்கின்றன. இந்தியாவில் பத்தமடைப் பாய் தன் ஊரின் பெயராலேயே அறியப்பட்டது. அப்பெயருக்குப் புவிசார் குறியீடு என்ற சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. எமது ஊர்ப் பெயர்களும் அவ்வாறு மதிப்புப் பெற வேண்டுமானால், முதலில் அவற்றை நாமே எழுதத் தொடங்க வேண்டும்.

தனிப்பட்ட தொலைபேசி இலக்கத்தை நீர்க்குறியில் இட வேண்டாம். படம் எங்கெங்கோ போய்ச் சேரும். அதனுடன் ஒரு சகோதரியின் இலக்கமும் போகும். வேண்டாத அழைப்புகளால் பெண்கள் தொல்லைப்படுவதற்கு நாமே வழி திறந்து விடலாகாது. இலக்கம் கட்டாயம் தேவை எனில், குழுவுக்கென்று தனியாக ஓர் இலக்கம் எடுத்து அதனையே பயன்படுத்துங்கள். அதே போன்று, இழைப்பவரின் முகம் தெரியும் படங்களை அவரது சம்மதமின்றி வெளியிடலாகாது.

எங்கே இடுவது, எவ்வளவு பெரிதாக இடுவது?

இங்கேதான் பலர் இடர்ப்படுகின்றனர். மூலையில் சிறிதாக இட்டால் அப்பகுதியை வெட்டி விட ஒரு விநாடி போதும். நடுவில் தடித்த எழுத்தில் இட்டால் பொருளே மறைந்து விடும். வாங்க வந்தவர் போய் விடுவார். இரண்டுக்கும் இடைப்பட்ட வழி பின்வருமாறு:

1. குறியின் ஒரு பகுதி பொருளின் மீதும் மறு பகுதி பின்னணியின் மீதும் விழும்படி இடுங்கள். அதனை வெட்டினால் பொருளும் வெட்டுப்படும்.

2. வெறும் தரை, வெள்ளைச் சுவர், ஒரே நிறத் துணி ஆகியவற்றின் மீது மட்டும் இடாதீர்கள். அவ்வாறான இடத்தில் குறியை அழிப்பது மிக இலகு. இழை நெருக்கமாக உள்ள பகுதியில் விழுந்த குறியை அழித்தால், இழை குழம்பியது தெரிய வரும்.

3. பொருளின் சிறப்பான பகுதியை மறைக்காதீர்கள். பாயின் கரை வேலைப்பாடு, பெட்டியின் மூடி, தையலின் பூ வேலை ஆகியவை தெளிவாகத் தெரிய வேண்டும்.

4. குறியின் அகலம் படத்தின் அகலத்தில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை இருக்கலாம்.

5. எழுத்தின் அழுத்தத்தை 30 முதல் 50 வீதம் வரை குறைத்து வையுங்கள். அப்போது எழுத்தினூடாகப் பொருள் தெரியும். இருண்ட பொருளுக்கு வெள்ளை எழுத்தும், வெளிர் பொருளுக்குக் கறுப்பு அல்லது கபில நிற எழுத்தும் பொருந்தும்.

கைத்தொலைபேசியில் செய்யும் முறை

இதற்குக் கணினி தேவையில்லை. ஸ்னாப்சீட், கன்வா போன்ற செயலிகளைக் காசு கொடுக்காமலே பயன்படுத்தலாம். பெயர்கள் மாறினாலும் படிமுறை ஒன்றே.

முதலில், எடுத்த படத்தைப் பிரதி பண்ணிக் கொள்ளுங்கள். வேலை செய்வது பிரதியில் மட்டும். மூலப்படத்தில் கை வைக்க வேண்டாம்.

இரண்டாவதாக, பிரதியைச் செயலியில் திறந்து, தேவையற்ற ஓரங்களை வெட்டி, வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். நீர்க்குறி இட்ட பின்னர் வெட்டினால் குறியும் வெட்டுப்படலாம்.

மூன்றாவதாக, எழுத்து இடும் பகுதிக்குச் சென்று குழுவின் பெயரை எழுதுங்கள். அல்லது சின்னத்தின் படத்தை அதன் மேல் வையுங்கள். அழுத்தத்தைக் குறைக்கும் கோலை நகர்த்தி மங்கலாக்குங்கள். சற்றுச் சாய்வாக வைத்தல் நன்று.

நான்காவதாக, படத்தின் அகலத்தை 1080 புள்ளிகள் அளவுக்குக் குறைத்துச் சேமியுங்கள். இதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறோம்.

ஐந்தாவதாக, அனுப்பும் முன் சிறிய திரையில் ஒரு தடவை பாருங்கள். பெயர் வாசிக்க முடிகிறதா? பொருள் தெளிவாக இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் எனில் அனுப்பலாம்.

சிறிய படம் ஒரு பாதுகாப்பு

இன்றைய சாதாரணத் தொலைபேசி கூட 4000 புள்ளி அகலமும் 3000 புள்ளி உயரமும் கொண்ட படத்தை எடுக்கிறது. அவ்வளவு பெரிய படம் ஒருவர் கையிற் கிடைத்தால் அவர் சுவரொட்டியும் அடிக்கலாம், பொதியுறையும் அடிக்கலாம். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் தேவை. 1080 புள்ளி அகலமுள்ள படத்தை அவ்வாறு அச்சிட்டால் கிடைப்பது மூன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய அகலம் மட்டுமே. தொலைபேசித் திரையில் பார்ப்பதற்கு அது தாராளமாகப் போதும். அச்சுக்கு அது உதவாது. எனவே வெளியே போவது சிறிய படம், வீட்டில் இருப்பது பெரிய படம் என்பதை விதியாகக் கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் எடுத்த மூலப்படத்தினுள்ளே, எடுத்த திகதி, நேரம், தொலைபேசியின் வகை போன்ற விபரங்கள் பதிந்திருக்கும். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது இவ்விபரங்கள் நீங்கி விடுகின்றன. ஆகவே இவ்விபரங்களோடு கூடிய பெரிய படத்தைக் காட்டக் கூடியவர், படத்தை எடுத்தவர் ஒருவரே. பிணக்கு வரும்போது இது பெறுமதியான சான்று.

நீர்க்குறியை அழிக்க முடியாதா?

முடியும் என்பதே நேரான பதில். 2017 இல் கூகிள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு விடயத்தைக் காட்டினர். ஒரே நீர்க்குறியை நூற்றுக்கணக்கான படங்களில் அச்சுப் பிசகாமல் இட்டிருந்தால், அப்படங்களை ஒப்பிட்டு, குறியை மட்டும் பிரித்து அறிந்து, எல்லாப் படங்களிலிருந்தும் தானாகவே நீக்கி விடக் கணினியால் இயலும். இடத்தை மாற்றி இட்டாலும் பெரிய பயன் இல்லை. ஆனால் குறியின் வடிவம் படத்துக்குப் படம் சிறிதளவு வளைந்தும் நெளிந்தும் இருந்தால், நீக்கிய இடத்தில் தடயம் எஞ்சி விடுகிறது. அதன் பின்னர் வந்த செயற்கை நுண்ணறிவுச் செயலிகள், ஒரேயொரு படத்திலிருந்தே குறியை அழிக்கும் அளவுக்கு வளர்ந்துள்ளன.

இதற்காக மனம் தளர வேண்டியதில்லை. கைப்பணியாளராகிய எம்மிடம் இதற்கு மூன்று மாற்று வழிகள் உள்ளன.

ஒன்று, கையெழுத்து. வட்ஸ்அப்பில் படத்தை அனுப்பும் முன் விரலால் எழுதும் வசதி உண்டு. ஒவ்வொரு படத்திலும் குழுவின் பெயரை விரலால் எழுதினால், ஒன்று போல் இன்னொன்று அமையாது. ஆய்வாளர் சொன்ன நெளிவு தானாகவே வந்து விடும்.

இரண்டு, படத்துக்கு உள்ளேயே ஒரு குறி. ஓலையிலோ துணியிலோ குழுவின் பெயரை எழுதிய சிறு பட்டியைச் செய்து, படமெடுக்கும்போதே பொருளின் மீது சற்றுச் சாய்த்து வையுங்கள். அல்லது பெட்டியின் காதிலே கட்டி விடுங்கள். இதற்குச் செயலியும் தேவையில்லை, இணையமும் தேவையில்லை. பட்டியின் நிழலும் பொருளின் இழையும் ஒன்றாகப் பதிவதால், அதனைத் தடயமின்றி நீக்குவது கடினம். பொருள் விற்பனையாகும்போது அதே பட்டியுடன் அனுப்பினால், வாடிக்கையாளர் படத்தில் கண்ட குறியைக் கையிலும் காண்பார்.

மூன்று, செய்யும்போதே எடுத்த படங்கள். பன் உலர்வது, சாயம் அவிவது, பாதி இழைத்த பாய், இழைக்கும் கைகள் என நான்கைந்து படங்களை எடுத்து வையுங்கள். முடிந்த பாயின் படத்தை எவரும் களவெடுக்கலாம். பாதி இழைத்த பாயின் படம் இழைத்தவரிடம் மட்டுமே இருக்கும். ஐயப்படும் வாடிக்கையாளருக்கு இதைக் காட்டினால் மறுபேச்சு இராது. இப்படங்களில் எல்லாவற்றையும் வெளியிட வேண்டாம். சிலவற்றை உங்களிடமே வைத்திருங்கள்.

பட ஏடும் இரண்டாம் பிரதியும்

ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பி போதும். பொருளின் இலக்கம், செய்தவரின் பெயர், படமெடுத்தவரின் பெயர், திகதி, அளவு, விலை, படத்தை முதலில் எங்கே வெளியிட்டோம் என்பவற்றை நிரல்களாக எழுதி வாருங்கள். குழுக் கூட்டத்தில் அதனை வாசித்துக் கையொப்பமிட்டால், அதன் நம்பகத்தன்மை மேலும் கூடும்.

மூலப்படங்களின் பிரதி இரண்டு இடங்களில் இருக்க வேண்டும். 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 இல் கடல் எழுந்து வந்தபோதும், 2006 இல் யுத்தத்தினால் ஈச்சிலம்பற்று, வெருகல் மக்கள் வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் இடம்பெயர்ந்தபோதும், உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இழந்து அலைந்த அனுபவம் எம்மக்களுக்கு உண்டு. ஓர் இடத்தில் மட்டும் இருக்கும் ஆவணம் ஆவணமாகாது என்பதை எமக்கு எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை. தொலைபேசி தண்ணீரில் விழுந்தாலே போதும், ஐந்து வருட உழைப்பின் பதிவு அழிந்து விடும். ஒரு பிரதியை நினைவட்டையிலும் மற்றொன்றை வேறு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடைமுறையிலுள்ளது. அதன்படி புகைப்படமும் பதிப்புரிமைக்கு உரிய ஆக்கமாகும். இவ்வுரிமைக்குப் பதிவு தேவையில்லை, கட்டணமும் இல்லை. படம் எடுத்த கணமே உரிமை பிறக்கிறது. எடுத்தவரின் ஆயுட்காலத்துக்கும் அதன் பின்னர் 70 ஆண்டுகளுக்கும் அது நிலைக்கிறது. ஆக்கத்தின் மீது ஆக்கியவராகப் பெயர் குறிப்பிடப்பட்டவரையே, மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை, ஆக்கியோனாகச் சட்டம் கருதுகிறது. நீர்க்குறியில் படமெடுத்தவரின் பெயரையும் சிறிதாகச் சேர்ப்பது இதனால் பயன் தரும்.

இங்கே ஒரு விடயத்தை அவதானியுங்கள். உரிமை முதலில் சேர்வது படத்தை எடுத்தவருக்கே. பாயை இழைத்தவருக்கு அல்ல. உதவி நிறுவனமொன்றின் உத்தியோகத்தர் வந்து படமெடுத்தால், உரிமை பெரும்பாலும் அவரது நிறுவனத்தைச் சாரும். ஆகவே வெளியார் வந்து படமெடுக்கும்போது, அப்படங்களை எமது குழுவும் விற்பனைக்குப் பயன்படுத்தலாம் என்றும், வேறு எவருக்கும் வியாபாரத்துக்குக் கொடுக்கப்பட மாட்டாது என்றும் ஒரு கடிதம் வாங்கிக் கொள்ளுங்கள். அரைப் பக்கம் போதும்.

பொருளின் புதிய வடிவத்தைப் பாதுகாக்க வேண்டுமாயின் அதற்குரிய வழி கைத்தொழில் வடிவமைப்புப் பதிவு. கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் இதனைச் செய்யலாம். முதலில் ஐந்து ஆண்டுகளுக்கும், புதுப்பித்தால் 15 ஆண்டுகள் வரைக்கும் பாதுகாப்பு உண்டு. வடிவம் புதியதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனையாதலால், படத்தை ஊரெங்கும் வெளியிடுவதற்கு முன்னரே விண்ணப்பிப்பது பாதுகாப்பானது. எமது பாட்டிமார் காலத்திலிருந்து வரும் வடிவங்கள் இதில் அடங்கா. அவை எல்லோருக்கும் பொதுவானவை.

மொத்த வியாபாரி குறியில்லாத படம் கேட்டால்?

இது அடிக்கடி எழும் கேள்வி. நகரத்துக் கடைக்காரர் தமது பெயரில் விற்க விரும்புவார்; “உங்கள் பெயர் இல்லாத படம் அனுப்புங்கள்” என்பார். அவரை விரோதிக்கவும் முடியாது. மூன்று நிபந்தனைகளுடன் கொடுக்கலாம்: எம்மிடம் வாங்கிய பொருட்களை விற்க மட்டுமே படத்தைப் பயன்படுத்த வேண்டும், எம்மிடம் வாங்குவதை நிறுத்தினால் படத்தையும் நீக்க வேண்டும், பொருளின் விபரத்தில் செய்த ஊரின் பெயரைக் குறிப்பிட வேண்டும். வாய்ச்சொல்லாக விட்டு விடாமல் வட்ஸ்அப்பிலாவது எழுதி, அவர் “சம்மதம்” என்று பதில் எழுதிய பின்னரே படத்தை அனுப்புங்கள். அந்தப் பதிலே உங்கள் ஒப்பந்தம். அமேசான் போன்ற சில பெரிய இணையச் சந்தைகளும் முதன்மைப் படத்தில் எழுத்தோ நீர்க்குறியோ இருப்பதை ஏற்பதில்லை. அங்கே சிறிய அளவுப் படமும், செய்யும்போது எடுத்த படங்களுமே எமக்குத் துணை.

களவு போனது தெரிந்தால்

1. முதலில் ஆத்திரப்பட்டு எழுத வேண்டாம். எழுதினால் அவர் நீக்கி விடுவார். சான்றும் போய் விடும். பக்கத்தின் பெயர், முகவரி, திகதி, விலை தெரியும்படி திரையைப் படமெடுத்து வையுங்கள்.

2. பின்னர் மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள். அறியாமல் எடுத்தவர் பெரும்பாலும் நீக்கி விடுவார். சில வேளை அவர் உங்கள் பொருளை விற்கும் முகவராகவும் மாறலாம்.

3. நீக்காவிடின், பேஸ்புக், இன்ஸ்ரகிராம் போன்றவற்றில் பதிப்புரிமை மீறலை முறையிடும் படிவம் உண்டு. உரிமையாளரே அதனை நிரப்ப வேண்டும். மூலப்படமும் பட ஏடும் இப்போது கைகொடுக்கும்.

4. உங்கள் வாடிக்கையாளருக்கு அறிவியுங்கள். “இப்படம் எமது குழுவுடையது; இந்த இலக்கத்தில் மட்டுமே கட்டளை ஏற்போம்” என்று எழுதினால் போதும். எவரையும் ஏச வேண்டியதில்லை.

5. படத்தைக் காட்டி எவரேனும் பணம் மோசடி செய்திருந்தால், பணம் இழந்தவரும் நீங்களும் சேர்ந்து பொலிசில் முறையிடுங்கள். வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறுவது தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் அறிந்து வையுங்கள்.

எமது கைகளும் சுத்தமாக இருக்கட்டும்

கடைசியாக, சற்றுக் கசப்பான ஒரு விடயம். எமது குழுக்களும் சில வேளை இணையத்தில் கண்ட அழகான பெட்டியின் படத்தை எடுத்து, “இப்படியும் செய்து தருவோம்” என்று தமது பக்கத்தில் போடுவதுண்டு. அந்தப் பெட்டியை யாழ்ப்பாணத்திலோ ஆபிரிக்காவிலோ வேறொரு சகோதரி இழைத்திருப்பார். அவரும் எம்மைப் போன்றே ஓலை கிழித்துக் கை காய்த்தவர். களவை விலக்கும் கட்டளை எம்மிடமிருந்து எடுப்பவருக்கு மட்டும் உரியதன்று. ஒரு வடிவத்தைக் கண்டு விரும்பினால், அதனை நாமே இழைத்துப் பார்த்து, எமது கையால் ஆன பொருளைப் படமெடுத்துப் போடுவோம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்களை எடுக்குமாறு எமது மகளிர் குழுக்களையும் இளைஞர் கழகங்களையும் கேட்டுக் கொள்கிறோம். எமது குறி எது என்று தீர்மானியுங்கள். பட ஏட்டை எழுதும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். மூலப்படங்களின் இரண்டாம் பிரதி எவர் வீட்டில் இருக்கும் என்று முடிவு செய்யுங்கள். இதற்குச் செலவு ஒரு கொப்பியும் சிறிது ஓலையும் மட்டுமே. எங்கோ ஒரு தூர நாட்டில் எமது பாயின் படத்தைப் பார்க்கும் ஒருவர், அதை இழைத்த ஊரின் பெயரையும் சேர்த்தே பார்க்கட்டும்.